படத்தைத் திருப்பிப் பாருங்க பாஸ்!

மயிலத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். தமிழ் செகண்ட் இயர். பங்குனி உத்திரத்துக்குப் பாட்டி வீட்டுக்குப் போனப்போ, பூஜை ரூமில் ஒரு லட்சுமி படம். சின்ன வயசிலிருந்து பார்க்கிற படம்தான். இந்தத் தடவைதான் கிட்டப் போய்ப் பார்த்தாராம். லட்சுமியோட புடவை அச்சடிச்சது இல்லை... நிஜத் துணி! துணியை அளவா வெட்டி ஒட்டி, ஓரத்தில் ஜரிகை வெச்சு, சமிக்கி தைச்சு யாரோ ஒரு புண்ணியவதி (அல்லது புண்ணியவான்) லட்சுமிக்குப் புடவை கட்டிவிட்டிருக்கார். தம்பி சும்மா இருப்பாரா? செல்லில் ஒரு க்ளிக், வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸ். அன்னிக்கு ராத்திரியே நண்பனுக்கு நண்பன் மூலமா ஒரு பழைய சாமான் வியாபாரியிடமிருந்து போன். ''தம்பி, மூவாயிரம் தர்றேன். கண்ணாடி, சட்டமெல்லாம் வேணாம். படத்தை மட்டும் உருவிக் கொடுத்துடுங்க, போதும்!''

தம்பிக்கு ரெண்டு சந்தேகம். மூவாயிரம் நியாயமான விலையா? அப்புறம், பழைய ஓவியம், இங்க் டிராயிங் எல்லாம் சேர்க்கிறதை நம்மை மாதிரி காலேஜ் பசங்களும் ஆரம்பிக்கலாமா, இல்லை அதெல்லாம் பங்களா வெச்சிருக்கிறவங்க சமாச்சாரமா?

நான் பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ''படத்தைத் திருப்பிப் பார்த்தீங்களா?''

பார்க்கலை. யாருமே பார்க்கிறதில்லை. ஆனா பழைய படங்களைப் பொறுத்தவரை பாதி விஷயம் பின்னாடிதான் இருக்கும். அந்தக் காலத்தில் படத்துக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் பின்பக்கம் ஒரு பலகையோ அட்டையோ வைத்து ஆணி அடித்து, தூசி நுழையாமல் இருக்கக் கைக்குக் கிடைத்த செய்தித்தாளைப் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். அந்தப் பேப்பர்தான் நமக்கு பர்த் சர்டிஃபிகேட்! படம் அச்சான தேதியைச் சொல்லாது. ஆனா கண்ணாடி போட்ட காலத்தைக் கிட்டத்தட்டக் காட்டிக்கொடுத்துவிடும். சில சட்டங்களின் மூலையில் கடைக்காரர் தன் பேர், ஊர் போட்ட லேபிளும் ஒட்டியிருப்பார்.

தம்பி திருப்பினார். தேதி இருந்த இடத்தைக் கரையான் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டது. ஆனால், மிச்சம் இருந்த பத்தியில் ஹிட்லர் இருந்தார்! யுத்த காலத்துப் பேப்பர். மூலையில் அரை லேபிள், அதில் 'புதுச்சேரி' என்று அஞ்சு எழுத்து. அதைக் காட்டியதும் பாட்டி, ''அதுவா... எங்க மாமியார் கல்யாணத்துக்கு அவங்க அப்பா பாண்டிச்சேரியில வாங்கிக் குடுத்தது. துணி ஒட்டி சமிக்கி தைச்சது மாமியாரேதான்'' என்று சர்வசாதாரணமாகச் சொன்னாராம். இத்தனை வருஷமா ஏன் பாட்டி சொல்லலை? ''யாருடா கேட்டீங்க?''

அதுதான் மேட்டர். இந்த வாரம் முழுக்க அதைப் பத்தித்தான் பேசப்போறோம்.

லட்சுமியின் காலடியில், சட்டத்துக்குள் மறைந்திருந்த வெள்ளை ஓரத்தில் இங்கிலீஷில் பொடி எழுத்து இருந்தது. ரவி வர்மா பிரஸ். ராஜா ரவி வர்மா 1894-ல் பம்பாயில் கல் அச்சு பிரஸ் ஆரம்பித்தார். தன் ஓவியங்களை கலர் பிரின்ட் போட்டு, அரண்மனையில் மட்டும் இருந்த லட்சுமியையும் சரஸ்வதியையும் ஊர்ஊராக அனுப்பி வைத்தார். கொஞ்ச வருஷத்தில் பிரஸ்ஸை ஒரு ஜெர்மன்காரருக்கு விற்றுவிட்டார். அவருடைய பிரஸ்ஸுக்குப் பிறகும் ஏகப்பட்ட பேர் அதே லட்சுமியை அச்சடித்துத் தள்ளினார்கள். ஆக, இது ஆயிரக்கணக்கில் வந்த படம். லட்சுமி படத்தை விற்று லட்சாதிபதி ஆகும் கனவு இருந்தால், ஸாரி! ஆனால் இந்தப் படத்துக்கு ஒரு கல்யாணம் இருக்கு, தைத்த கை இருக்கு, வாங்கிய ஊர் இருக்கு. சட்டத்தைக் கழற்றிப் போட்டு உருவிக் கொடுத்த நிமிஷம், அது ஆயிரத்தில் ஒண்ணு. என்னைக் கேட்டால், சட்டம் வேண்டாம் என்று சொல்கிறவரிடம் படத்தையும் கொடுக்காதீங்க.

'என்னங்க, ஒரு பாட்டி வீட்டுப் படத்துக்கு இவ்வளவு பில்டப்பா?' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு ராஜா வீட்டுக் கதை.

பல நாட்டுப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் என்று தமிழ்நாட்டில் ஒருத்தரைச் சொல்லணும்னா, கண்ணை மூடிக்கிட்டு தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜியைச் சொல்லலாம். 1777-ல் பிறந்து 1798-ல் பட்டத்துக்கு வந்தவர். சின்ன வயசிலேயே ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரிடம் பாடம். பட்டத்துக்கு வந்த மறு வருஷமே ராஜ்ய நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. கையில் மிச்சம் தஞ்சாவூர்க் கோட்டையும் ஒரு பென்ஷனும். வேற ராஜாவா இருந்தா வேட்டை, விருந்து என்று காலத்தை ஓட்டியிருப்பார். இவர் புத்தகமும் படமும் வாங்க ஆரம்பித்தார்.

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்துக்குள்ளே இருக்கிற சின்ன மியூசியத்துக்குப் போயிருக்கீங்களா? பெரிய கோயிலோடு ரிட்டர்ன் பஸ் பிடிக்கிறவர்கள் இதைக் கோட்டை விட்டுடுவாங்க. போனால் ஒரு மணி நேரம் நகர மாட்டீங்க. சார்லஸ் லெ ப்ரன் என்று பிரான்ஸில் 14-ம் லூயி மன்னனின் ஓவியர் ஒருத்தர். மனுஷ முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'இவன் மூக்கு கழுகு மூக்கு, அவன் முழி ஆந்தை முழி' என்று கோட்டுச் சித்திரமா வரைஞ்சு தள்ளினவர். நம்ம கிளாஸ்ல லாஸ்ட் பெஞ்ச் பண்ற அதே வேலை! அந்த வரிசைப் படங்கள் தஞ்சாவூரில் இருக்கு. பக்கத்திலேயே சீனாவில் குற்றவாளிகளுக்குக் கொடுத்த தண்டனைகளைக் காட்டும் படங்கள். பார்க்கிறதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும்.

இது எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது கண்ணுதான். சரபோஜியின் தன்வந்திரி மகாலில் கண் சிகிச்சை நடந்தது. வந்த நோயாளிகளின் விவரத்தை எழுதி, அவர்களுடைய கண்ணை அப்படியே கலரில் வரைந்து வைத்தார்கள். புரை விழுந்த கண், சிவந்த கண், வீங்கிய கண்... யாருக்கு, என்ன நோய், என்ன வைத்தியம் என்ற குறிப்போடு. படத்தையும் குறிப்பையும் பிரித்துப் பாருங்க. வெறும் கண்ணு, பயமுறுத்தும். குறிப்போடு பார்த்தா அது கேஸ் ஷீட். இருநூறு வருஷம் கழிச்சும் டாக்டர்கள் அதைப் படிச்சுக் கட்டுரை எழுதுறாங்கன்னா, காரணம் அந்தப் பக்கத்துல எழுத்தும் இருக்கிறதுதான். தன் ஐரோப்பியப் புத்தகங்களிலும் சரபோஜி தன் கையெழுத்தைப் போட்டு வைத்தார். 1918-லிருந்து அது பொது நூலகம்.

இப்ப ட்விஸ்ட். இவ்வளவு சேர்த்தவருடைய படமே ஒருநாள் கடல் தாண்டிவிட்டது!

சரபோஜியும் அவர் மகன் சிவாஜியும் சேர்ந்து இருக்கிற மாதிரி 19-ம் நூற்றாண்டுத் தஞ்சாவூர் ஓவியம் ஒண்ணு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் சேலம் என்று ஒரு ஊர் (நம்ம சேலம் இல்லை!). அங்கே உள்ள பீபடி எஸெக்ஸ் மியூசியம் 2006-ல் அதை 35,000 டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் ஆர்ட் காலரி நடத்திய சுபாஷ் கபூர். பேரைக் கேட்டதும் புரிஞ்சிருக்கும். சிலைக் கடத்தல் வழக்கில் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012-ல் இங்கே கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்து வருஷம் தண்டனை வாங்கியவர்.

இவ்வளவு பெரிய மியூசியம் ஒரு திருட்டுப் படத்தை எப்படி வாங்கியது? பேப்பர் பார்த்துதான் வாங்கியது. 'இந்தப் படம் பல வருஷத்துக்கு முன்னாடியே இந்தியாவை விட்டு வந்துவிட்டது, இன்னாரிடம் இருந்தது' என்று படத்தோடு ஒரு வரலாறு வந்தது. அந்த வரலாறு போலி. 2015-ல் விஷயம் தெரிந்ததும் மியூசியம் படத்தை அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. 2022-ல் நம்ம சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு போலீஸ், அது சரஸ்வதி மகாலிலிருந்தே திருடுபோன படம் என்று அறிவித்தது.

யோசிச்சுப் பாருங்க. திருடன் படத்தில் கை வைக்கலை. ஒரு கோடு மாத்தலை, ஒரு கல்லைப் பெயர்க்கலை. மாத்தினது பின்னால் வந்த காகிதத்தை மட்டும்தான். மயிலம் தம்பியிடம் 'படத்தை மட்டும் உருவிக் கொடு' என்றாரே ஒருத்தர், அவர் கடத்தல்காரர் என்று நான் சொல்லலை. பாவம், லாரியில் இடம் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனா பின்பக்கம் போன படத்துக்கு யார் வேணும்னாலும் புதுசா ஒரு தாத்தாவை உண்டாக்கிக்கொள்ளலாம்.

சரி, நம்ம ஊர் படங்களைச் சேர்த்த வெள்ளைக்காரர்கள் மட்டும் ஒழுங்கா எழுதி வெச்சாங்களா? எழுதினாங்க... தங்கள் பேரை! கம்பெனி காலத்தில் தஞ்சாவூர், திருச்சி, வேலூர் பக்கத்து ஓவியர்களிடம் ஆல்பம் ஆல்பமாகப் படம் வாங்கிப் போனார்கள். வண்ணான்-வண்ணாத்தி, குயவன்-குயத்தி என்று ஜாதிக்கு ஒரு ஜோடி. திருச்சியில் மெல்லிய மைகா தகட்டில் தொழில்களை வரைந்து கொடுத்தார்கள். இன்னிக்கு டூரிஸ்ட் வாங்குகிற கீ-செயின் மாதிரி அந்தக் காலத்து சுவனியர். இந்த ஆல்பங்கள் இன்று லண்டன் மியூசியங்களில் பத்திரமாக இருக்கு. ஆனா ஆல்பத்துக்குப் பேர், வாங்கின துரையின் பேர். வரைஞ்சவர் பேர்? பெரும்பாலும் 'தஞ்சாவூர் ஓவியர்' என்று ஒரு வரி. ஊர் பேர் இருக்கே என்று சந்தோஷப்பட்டுக்கணும்.

அதில் ஒரு ஆள் மட்டும் தப்பிச்சுட்டார். வேலூர் எல்லப்பா. 1830-களில், வந்த ஆர்டரை எல்லாம் வரைஞ்சு முடிச்சவருக்கு என்ன தோணுச்சோ, தான் உட்கார்ந்து படம் வரைகிற காட்சியையே ஒரு படமாகப் போட்டுவிட்டார். கம்பெனி ஆல்பத்துக்குள்ளே ஒரு செல்ஃபி! அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கு. 2019-ல் லண்டனில் கம்பெனி கால இந்திய ஓவியர்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தபோது, பேர் தெரிந்த ஓவியர்களின் வரிசையில் எல்லப்பாவும் நின்றார். மயிலத்திலிருந்து வேலூர் எவ்வளவு தூரம் சொல்லுங்க? செஞ்சி, ஆரணி தாண்டினா வேலூர். நம்ம பக்கத்து ஊர்க்காரர்!

இன்னொருத்தர் கோவிந்து. சென்னை ராஜதானியில் செடி கொடிகளை ஆராய்ந்த ராபர்ட் வைட் என்ற டாக்டரிடம் ரங்கையா, கோவிந்து என்று இரண்டு ஓவியர்கள் இருந்தார்கள். இலை நரம்பு வரைக்கும் எண்ணி வரைகிற ஆட்கள். வைட் நல்ல மனுஷன். 1853-ல் ஒரு ஆர்க்கிட் செடிக்குக் 'கோவிந்தூயியா' என்று தன் ஓவியரின் பேரையே வைத்தார். அப்புறம் வந்த தாவரவியல்காரர்கள், 'இது ஏற்கெனவே வேற பேர்ல இருக்கிற குடும்பம்ப்பா' என்று அந்தப் பேரை எடுத்துவிட்டார்கள். கோவிந்துவுக்குக் கிடைச்ச ஒரே சிலையும் போச்சு. ஆனாலும் வைட் எழுதி வைத்ததால்தான் அந்த ரெண்டு பேர் நம்ம கைக்கு வந்து சேர்ந்தது.

அதே சமயத்தில் சீனாவின் கான்டன் துறைமுகத்திலும் இதே பிசினஸ். வெளிநாட்டு வியாபாரிகளுக்கென்றே படம் வரைந்து விற்கிற பட்டறைகள். அங்கே பூ குவா என்பவர் வரைந்த படங்களை வைத்து 1800-ல் லண்டனில் சீன உடைகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். படத்துக்கு அடியில், வரைந்தவர் பூ குவா, கான்டன் என்று அச்சடித்தார்கள். ஒரு வரிதான். அச்சில் ஒரு பைசா அதிகம் செலவாகியிருக்காது. அந்த ஒரு வரி நம்ம மைகா ஓவியர்களுக்குக் கிடைக்கலை.

சீனாக்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் அண்ணன்கள். அங்கே மை ஓவியத்தை வாங்கியவர் படத்தின் மேலேயே சிவப்பு மையில் தன் முத்திரையைக் குத்துவார். அவரிடம் வாங்கியவர் தன் முத்திரை. அடுத்தவர் இன்னொண்ணு. சாவ் மெங்ஃபூ என்ற ஓவியர் 1296-ல் வரைந்த ஒரு மலைக் காட்சி தைவானில் தைபே அரண்மனை மியூசியத்தில் இருக்கிறது. அதில் மலையைவிட முத்திரைகள்தான் முதலில் கண்ணில் படும். பதினெட்டாம் நூற்றாண்டுச் சக்கரவர்த்தி சியான்லுங் வேற, பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற ஸ்பீடில் குத்து குத்து என்று குத்தியிருக்கார். படத்தைக் கெடுத்துட்டாரே மனுஷன் என்று நமக்குத் தோணும். எனக்கும் தோணும். ஆனா எழுநூறு வருஷத்தில் அந்தக் காகிதம் யார் யார் கையில் இருந்தது என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். போலித் தாத்தாவை நுழைக்கிறது அங்கே அவ்வளவு ஈஸி இல்லை.

மறுபடி நம்ம விழுப்புரம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே சேகரிக்கவே முடியாத படங்கள் ரெண்டு இடத்தில் இருக்கு. கீழ்வாலையில் பாறை மேல் ஆதி மனிதர்கள் செங்காவியில் வரைந்த உருவங்கள். பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலில் ஒரு துண்டு சுவர் ஓவியம். குடைக்குக் கீழே, ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கிற உமை. ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகியும் அந்த முகத்தில் இருக்கிற சாந்தம் போகலை. உடம்பு பாதி உதிர்ந்தாச்சு. ஆனால் எந்தக் கோயில், எந்த ராஜா, யாரைப் பார்த்து நிற்கிறாள் என்று எல்லாம் சொல்ல முடியுது. காரணம், அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

அந்த உமையை உலகத்துக்குச் சொன்னவர் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ஜூவோ துப்ரேய். பல்லவர் ஓவியங்களைத் தேடிக் கோயில் கோயிலாக அலைந்தவர். பனமலை, காஞ்சி கைலாசநாதர் கோயில் என்று அவர் கண்ணில் பட்டுத்தான் பல ஓவியங்கள் வெளியே தெரிந்தன. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே மனுஷன்தான் காஞ்சி வட்டாரத்தில் கிடைத்த யோகினி சிலைகளைப் பாரிஸின் பிரபல கலைப்பொருள் வியாபாரி சி.டி.லூ மூலம் 1920-களில் வெளிநாட்டுக்கு அனுப்பியவர். அந்த யோகினிகள் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மியூசியத்துக்கு ஒருத்தியாகச் சிதறி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கோயிலில் ஒண்ணாக உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் புதிர். பத்மா கைமல் என்ற அறிஞர் 2012-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஒரே ஆள், சுவரில் இருந்ததைச் சுவரோடு விட்டார், அது நமக்கு இருக்கு. பெயர்த்து அனுப்பியதற்கு முகவரி போச்சு.

(கீழ்வாலை போகிறவர்கள் ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. போட்டோவில் பளிச்னு விழணும்னு பாறையில் தண்ணி ஊத்தாதீங்க. உங்க ஆளோட பேரை ஹார்ட்டின் போட்டு எழுதவும் வேண்டாம். அந்தக் காதல் செமஸ்டர் தாண்டுமான்னே தெரியாது. கிறுக்கின பேர் பாறையில் அப்படியே நிற்கும்.)

இனி தம்பியோட ரெண்டாவது கேள்வி. காலேஜ் பசங்க இதை ஆரம்பிக்கலாமா? தாராளமா. சட்டம் என்ன சொல்லுதுன்னு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு வருஷம் தாண்டிய ஓவியம் தொல்பொருள். நாட்டுக்குள்ளே வெச்சிருக்கலாம். சில வகைப் பொருட்களை, பழைய ஓவியங்கள் உள்பட, தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு பண்ணணும். வாங்கி விற்கிறதைத் தொழிலாகச் செய்ய லைசென்ஸ் வேணும். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆரோவில்லில் பழக்கமான நண்பர் ஆசையாக் கேட்டார் என்று கூரியரில் போட்டாலும் அது ஏற்றுமதிதான், கம்பி எண்ணணும். ரவி வர்மாவின் ஒரிஜினல் ஓவியங்கள் வயசு எதுவானாலும் கலைப் பொக்கிஷம் என்று 1979-லேயே அறிவிச்சாச்சு. அப்புறம் கோயில், மடம், நூலகம், சத்திரம் என்று ஏதாவது ஒரு பேரோடு யாராவது படத்தை விலைக்குக் கொண்டுவந்தால், ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டுத் திரும்பி வந்துடுங்க.

கையில் நூறு ரூபாய்தான் இருக்கா? திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பழைய பேப்பர் கடைக்குப் போங்க. வீடு காலி பண்ணும்போது எடைக்குப் போடுகிற சாமான்களில் முதலிடம் பைண்டு பண்ணிய தொடர்கதைகளுக்குத்தான். 1950-லிருந்து 54 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது மணியம் போட்ட சித்திரங்கள் அப்படிப்பட்ட பைண்டுகளில்தான் இருக்கு. சோழனையும் பல்லவனையும் நாம் இன்னிக்கு எப்படிக் கற்பனை பண்றோமோ, அதில் பாதி அவர் கை. கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்துக்கு முன்னாடி உட்கார்ந்து 'ஆனந்த விகட'னுக்கு வரைந்தாரே சில்பி, அவருடைய பக்கங்களும் கிடைக்கும். கோட்டுச் சித்திரம் என்றால் என்ன என்று கத்துக்க இதைவிட நல்ல வாத்தியார் வேணுமா? பக்கத்தைக் கிழிச்சுத் தனியா ஃப்ரேம் போடாதீங்க. முழு பைண்டா வாங்குங்க. முதல் பக்கத்தில் பைண்டு பண்ணினவர் பேர், தேதி, சில சமயம் 'இரவல் கேட்காதீர்' என்ற மிரட்டல்கூட இருக்கும்!

அடுத்த படி காலண்டர். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சிஷ்யர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான சாமி படங்கள். கொண்டையராஜு 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். கீழே தகரப் பட்டையோ, கடை விளம்பரமோ இருந்தால் வெட்டிடாதீங்க. ஜவுளிக்கடை பேரும் வருஷமும் அதில்தான் இருக்கு. நம்ம வீடுகளில் முதலில் வெட்டி எறிகிறதும் அதைத்தான்.

பழைய கல் அச்சுப் படம் என்று சொல்லிப் புது ரீபிரின்ட்டைத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்காங்க. கண்டுபிடிக்க பயாலஜி லேபில் இருக்கிற சாதாரண லென்ஸ் போதும். இப்போதைய ஆஃப்செட் அச்சு என்றால் கோலப் புள்ளி மாதிரி வரிசை தவறாத பொட்டுகள் தெரியும். கல் அச்சில் பொட்டுகள் கையால் வெச்சது, ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு, கிராமத்துச் சந்தைக் கூட்டம் மாதிரி கலைஞ்சு கிடக்கும். டீயில் முக்கிப் பழுப்பாக்கின காகிதமும் லென்ஸில் மாட்டிக்கும்.

எதை வாங்கினாலும், யார் கொடுத்தாலும் அன்னிக்கு ராத்திரியே ஒரு நோட்டில் எழுதிடுங்க. எந்த ஊர், எந்த வீடு, எந்தச் சுவர், யார் சொன்னது, என்ன விலை. கூடவே முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் ஒரு போட்டோ. படத்தின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதி சியான்லுங் வேலை பார்க்க வேண்டாம். மை ஊறிக்கொண்டு முன்பக்கம் வந்துடும். பென்சிலில் தனித் தாளில் எழுதி, உறையில் போட்டு, சட்டத்தின் பின்னால் செருகினால் போதும். நீங்க வாங்கலைன்னாகூட, உங்க பாட்டி வீட்டில், பக்கத்து வீட்டில் இருக்கிற படங்களைப் பத்தி எழுதலாம். தெருவுக்குப் பத்துப் படம் தேறும். பாட்டிகள் இருக்கும்போதே கேட்டுடுங்க, இதுக்கு ரீவேல்யூவேஷன் கிடையாது.

கடைசியா, கண்ணாடி ஓவியம் வீட்டில் இருக்கிறவர்களுக்கு அவசரமா ஒரு விஷயம். தஞ்சாவூர் பாணிக் கண்ணாடி ஓவியத்தைக் கண்ணாடியின் பின்பக்கத்தில்தான் வரைவார்கள். சீனாவிலிருந்து கப்பல் வழியா இந்தியாவுக்கு வந்த டெக்னிக் இது. எல்லாமே தலைகீழ். முதலில் கண்ணு, புருவம், நகை. அப்புறம் முகம். கடைசியில்தான் திரைச்சீலையும் ஆகாயமும். முதலில் வெச்ச புருவம் தப்பாப் போனால் அதோடு சரி, மேல் பூசித் திருத்த வழியே இல்லை. அப்படி வரைந்த பெயின்ட், கண்ணாடியை விட்டு மெள்ள மெள்ளப் பொருக்குத் தட்டும். பின்பலகையை அவசரமா இழுத்தீங்கன்னா கிருஷ்ணரோட கன்னம் பலகையோடு வந்துடும். ஆகவே இந்த ஒரு வகைப் படத்தை மட்டும் நீங்களே பிரிக்காதீங்க. முன்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைங்க. பின்பக்கம் நூலாம்படையே இருந்தாலும் தீபாவளி, பொங்கலுக்கு ஈரத்துணியோடு கிளம்புகிற அம்மாவை எப்படியாவது தடுத்து நிறுத்திடுங்க.